காகிதத்தின் அடியில் ஒரு வரி

ரொவீனா ஹேல் அந்த உறையை மேசைமேல் வைத்தாள். உட்காரவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய், திரையை ஒரு விரலால் விலக்கித் தெருவைப் பார்த்தாள். அவள் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இது நான்காவது முறை.

"யாரும் இல்லீங்க," என்றான் டெஸ்மண்ட். "மான் வேட்டை வாரம். எஸ்கனாபாவில பாதி ஆம்பளைங்க காட்டுல இருக்காங்க. மீதிப் பேர் காட்டுக்குப் போறோம்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு பார்ல இருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை.

"அதுதான் பயமா இருக்கு. எல்லா வண்டியிலயும் துப்பாக்கி. எல்லாரும் ஒரே ஆரஞ்சு ஜாக்கெட். அவன் என் பக்கத்துல வந்து நின்னாக்கூட யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

பயம் வந்தால் டெஸ்மண்டுக்கு நாக்கு கொஞ்சம் நீளும். அது லெம்பிக்குத் தெரியும். அதனால்தான் அவள் அவனைத் திட்டாமல், உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

லெம்பி கார்வனனுக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களை மோப்பம் பிடித்தவள். ஓய்வு பெற்ற மறுமாதமே பேக்கரி மாடியில் இரண்டு அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டாள். டெஸ்மண்ட் அவளுடைய ஒரே உதவியாளன். அதற்கு முன்னால் ஊரில் இருக்கிற கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவன்.

உறைக்குள் ஒரே ஒரு காகிதம். கம்ப்யூட்டரில் பார்த்த பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்தது. வெள்ளை பிர்ச் விலங்கு மருத்துவமனை. நாயின் பெயர் நட்மெக், வயது ஆறு, சர்க்கரை நோய். உரிமையாளர் எண் 203. உரிமையாளர் பெயர் ரொவீனா ஹேல். போன் நம்பர் ஒன்று. அடுத்த ஊசி வியாழன் காலை பத்து மணி, எஸ்கனாபா கிளை.

ரொவீனாவின் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் சாய்வான கையெழுத்து: 'புதுப் பேரு நல்லா இருக்கு.'

"நேத்து தபால்ல வந்துச்சு," என்றாள் ரொவீனா. "என் தபாலெல்லாம் மாநில அரசு குடுத்த பெட்டி நம்பருக்குப் போய், அங்கேர்ந்துதான் எனக்கு வரும். அந்த நம்பர் மட்டும் கோர்ட் காகிதத்துல இருக்கு, அவனுக்கும் தெரியும். வீட்டு விலாசம் எதுலயும் கிடையாது. உங்ககிட்டகூடச் சொல்ல மாட்டேன், தப்பா நினைக்காதீங்க."

"சொல்லாதீங்க. எழுதினது உங்க முன்னாள் கணவர்தானே?"

"ட்ரென்ட். கூரை போடுற வேலை. மெனாமினியில இருக்கான், இங்கேர்ந்து ஒரு மணி நேரம். கிட்ட வரக்கூடாது, எழுதக்கூடாது, கூப்பிடக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்கு. அதே கோர்ட்டு, குழந்தையை நூறு மைலுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு எனக்கும் உத்தரவு போட்டிருக்கு. ஓடி ஒளியறதுன்னாலும் அவன் மூக்குக்குக் கீழதான் ஒளியணும்."

அவளுடைய மகள் மேபலுக்கு ஆறு வயது. எட்டு மாதமாக இந்த ஊரில் புதுப் பெயரோடு இருக்கிறார்கள்.

"இந்தப் பேரு மூணு பேருக்குத்தான் தெரியும்," என்றாள் ரொவீனா. "ஜட்ஜ். மேபலோட ஸ்கூல். அப்புறம் ஜோலீன்."

ஜோலீன் அந்த மருத்துவமனையின் வரவேற்பில் இருப்பவள். இந்த ஊரில் ரொவீனாவுக்கு வாய்த்த ஒரே தோழி. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மேபலுக்குத் தலை பின்னிவிடுகிறவள்.

"உங்க நம்பரைக் குடுத்ததே ஜோலீன்தான். எங்க வெப்சைட்டைக் கட்டினவர் இப்ப லெம்பிகிட்ட இருக்கார், போய்ப் பாருன்னா. அவளை நம்பித்தான் வந்தேன். வர்ற வழியெல்லாம், இவதான் என்னை வித்திருப்பாளோன்னும் நினைச்சுக்கிட்டே வந்தேன்." அவள் குரல் உடைந்தது. "யார் சொன்னதுன்னு இன்னிக்கே தெரியணும். இல்லன்னா நான் மேபலைக் கூட்டிட்டு மாநிலத்தை விட்டே போயிடுவேன். போனா உத்தரவை மீறினதா ஆயிடும், குழந்தையை அவன்கிட்ட குடுத்துடுவாங்க. இருந்தா அவனே வந்து எடுத்துக்குவான்."

லெம்பி காகிதத்தை விளக்குக்குக் கீழே நகர்த்தினாள்.

"வெப்சைட்லேர்ந்து போயிருக்க முடியாது," என்றான் டெஸ்மண்ட். அவளுக்குத் தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தான். "நான் கட்டினது. எறும்பு நுழைஞ்சாக்கூட அடையாள அட்டை கேக்கும்."

லெம்பி காகிதத்திலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள். "நட்மெக் எப்பவும் உங்க பேர்லதான் இருந்துச்சா?"

"இல்ல. முதல்ல அவன் பேர்ல, மெனாமினி கிளையில. ஊசிக்கு நேரம் குறிக்கிறது, மாத்துறது எல்லாம் அவன்தான். போன்ல அந்தப் பக்கத்தைச் சேமிச்சு வெச்சிருந்தான், ஒரு தட்டுல திறக்கும். நான் தொடக்கூடாது. விவாகரத்துல நாயை எனக்குக் குடுத்தாங்க, ஜோலீன் என் பேருக்கு மாத்தினா. அவனோட வேட்டை நாய் இன்னும் அவன் பேர்லதான் இருக்கு."

மணி மூன்று. பள்ளி விடும் நேரம் ஆகிவிட்டது என்று அவள் கிளம்பினாள். டெஸ்மண்ட் படிக்கட்டு வரை கூடப் போனான். அவள் தன் போனை அணைத்து, ஒரு பிஸ்கெட் டப்பாவுக்குள் போட்டு இறுக்கி மூடினாள்.

"வண்டி ஓட்டுறப்ப எப்பவும் இப்படித்தான். ஒரு தடவை இதை வெச்சுத்தான் என்னைக் கண்டுபிடிச்சான்." பிறகு, வந்ததிலிருந்து முதல்முறையாக லேசாகச் சிரித்தாள். "ஒரு நல்ல விஷயம். காலையில கிளினிக்லேர்ந்து மெசேஜ் வந்துச்சு. ஊசியை இன்னிக்கு நாலே காலுக்கு மாத்திட்டாங்க. வியாழக்கிழமைன்னு அவனுக்குத் தெரியும். இன்னிக்குன்னா தெரியாதே."

"அப்பாடா," என்றான் டெஸ்மண்ட். மனதாரத்தான் சொன்னான்.

அவன் திரும்பி வந்தபோது லெம்பி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு காகிதத்தின் அடி ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டெஸ், இது என்ன எறும்பு வரிசை?"

"அதுவா? பக்கத்தைப் பிரிண்ட் போட்டா பிரவுசரே அடியில அந்தப் பக்கத்தோட விலாசத்தையும் தேதியையும் போட்டுடும். உலகத்துல யாரும் படிக்காத எழுத்து அதுதான், பாஸ். மருந்து அட்டையில இருக்கிற பின்விளைவுகளையாவது யாராவது படிப்பாங்க."

"நான் படிக்கிறேனே. நீ அர்த்தம் சொல்லு."

அவன் குனிந்து படித்தான். மருத்துவமனையின் பெயருக்குப் பிறகு, சாய்வுக் கோடுகளுக்கு நடுவே: ஓனர்ஸ், 58, பெட்ஸ், 912, எடிட்.

"வீட்டு விலாசம் மாதிரிதான், பாஸ். முதல்ல எந்த வீடு, அப்புறம் அந்த வீட்டுல எந்த அறை. ஓனர்ஸ் ஐம்பத்தெட்டுன்னா ஐம்பத்தெட்டாம் நம்பர் உரிமையாளர். பெட்ஸ் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டுன்னா அவரோட விலங்கு, அதாவது நட்மெக். ஓனர் மாறலாம், நாய்க்குக் குடுத்த நம்பர் மாறாது. நான்தான் அப்படி வெச்சேன். அழகா இல்ல?"

"அழகுதான். ஜோலீன் திறந்திருந்தாலும் இப்படித்தான் வருமா?"

"வராது. வேலை செய்யறவங்க பக்கமெல்லாம் 'ஸ்டாஃப்'னு ஆரம்பிக்கும்." சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்தான். "பாஸ்! அப்ப ஜோலீன் இல்ல!"

"ஜோலீன் இல்ல," என்று லெம்பி தலையசைத்தாள். அவள் விரல் காகிதத்தின் நடுவுக்குப் போனது. "இங்க உரிமையாளர் எண் இருநூத்து மூணுன்னு போட்டிருக்கு. அடியில ஐம்பத்தெட்டு. நாய் இருநூத்து மூணோடது, கதவைத் திறந்தது ஐம்பத்தெட்டு. அந்த ஐம்பத்தெட்டு யாருன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

பழைய உரிமையாளர். ட்ரென்ட். சிவப்பு மையில் பெயர் போடாமல் மிரட்டியவன், அடியில் கையெழுத்தே போட்டு அனுப்பியிருக்கிறான்.

டெஸ்மண்ட் தலையை ஆட்டினான். "இருக்காது. நாய் கை மாறினதும் அவனுக்கு அந்தப் பக்கம் திறக்கவே கூடாது. நான் சோதிச்சிருக்கேன். வேணும்னா இப்பவே காட்டுறேன். உங்க பூனை அங்கதானே வருது?"

லெம்பியின் பூனை மிஸ்டர் ஹெரிங், எழுபத்தேழாம் நம்பர் உரிமையாளரின் செல்லம். டெஸ்மண்ட் மடிக்கணினியில் லெம்பியின் பெயரில் உள்ளே போனான். பூனையின் பக்கம் வந்தது. மேலே விலாசப் பட்டையில் பூனையின் எண்ணை அழித்துவிட்டு, 912 என்று அடித்துத் தட்டினான்.

'அப்படி ஒரு விலங்கு இல்லை' என்றது திரை.

"பாத்தீங்களா!" அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "உங்க வீட்டுக் கதவு வழியா வந்து அடுத்த வீட்டு நாயைக் கேட்டா, 'போய்யா'ன்னு அனுப்பிடும்."

"டெஸ்."

"சொல்லுங்க."

"காகிதத்துல கடைசியில இன்னொரு வார்த்தை இருக்கு. நீ அதை அடிக்கல."

எடிட்.

அவன் அடித்தான். விரல் ஒருமுறை தவறியது. திருத்தி, மறுபடி தட்டினான். திரை ஒரு நொடி வெள்ளையாக நின்றது.

பிறகு திறந்தது.

நட்மெக். ரொவீனா ஹேல். போன் நம்பர். கிளை. நாள். நேரம். எல்லாம் கட்டம் கட்டமாக, அழித்து எழுதத் தயாராக. கீழே பச்சை நிறத்தில் 'சேமி' என்று ஒரு பட்டன்.

மிஸ்டர் ஹெரிங் என்ற குண்டுப் பூனையின் பெயரை வைத்துக்கொண்டு, ஒளிந்து வாழும் ஒரு பெண்ணின் வாசலுக்குள் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு மாலை டெஸ்மண்டுக்கு ஞாபகம் வந்தது. வேலையை முடித்துவிட்டு, 'நான் குடுக்கிற விலாசம் ஒண்ணுகூட என்னிக்கும் சாகாது டாக்டர்' என்று மருத்துவரிடம் பெருமையடித்தது. சாகவில்லைதான்.

"நான்தான்," என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "பார்க்கிற பக்கத்துல ரெண்டு கேள்வி வெச்சேன். நீ ஐம்பத்தெட்டா? இந்த நாய் உன்னோடதா? திருத்துற பக்கத்துல முதல் கேள்வியை மட்டும்தான் வெச்சேன். பார்க்கிற பக்கத்துல பட்டனை அழுத்தித்தானே திருத்துற பக்கத்துக்கு வரணும், அங்கேயே மாட்டிக்குவான்னு நினைச்சேன். வரவேற்பறையில காவல் போட்டுட்டு, சமையலறையோட பின்வாசலைத் திறந்தே வெச்சுட்டேன்."

"ட்ரென்ட் அந்தப் பின்வாசலைச் சேமிச்சு வெச்சிருந்தான்."

"அவன் எதையும் உடைக்கல, பாஸ். அவனுக்கு ஒண்ணும் தெரிய வேண்டியதில்ல. போன்ல பழைய புக்மார்க்கைத் தட்டியிருக்கான். அவ்வளவுதான்."

லெம்பி காகிதத்தை எடுத்து மடிக்கணினியின் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். கண்கள் இங்கும் அங்குமாக ஓடின. குழந்தைகள் பத்திரிகையில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற மாதிரி.

"இது திருத்துற பக்கம்," என்றாள் மெல்ல. "உள்ள வந்தவன் சும்மா பாத்துட்டுப் போனான்னு நாம ஏன் நினைக்கணும்? காகிதத்துல போன் நம்பர் ஒண்ணு. திரையில ரெண்டு."

இரண்டாவது நம்பர் ரொவீனாவினுடையது இல்லை. கடைசியாகத் திருத்திய நேரம், இன்று காலை 11:20. திருத்தியவர் எண் 58.

"தன் நம்பரையும் சேத்திருக்கான்," என்றான் டெஸ்மண்ட். "கிளினிக் அவளுக்கு அனுப்புற மெசேஜெல்லாம் அவனுக்கும் போகும்."

"ரெண்டாவது வித்தியாசம். காகிதத்துல வியாழன் பத்து மணி. திரையில இன்னிக்கு நாலே கால்."

"அது கிளினிக் மாத்தினது, பாஸ். ரொவீனா போறப்ப சொன்னாங்க. நல்லவேளை இன்னிக்குன்னா அவனுக்குத் தெரியாதுன்னு..."

அவன் நிறுத்தினான். லெம்பியின் முகத்திலிருந்து நிறம் இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வருடத்தில் அவன் அதைப் பார்த்ததே இல்லை.

"மான் வேட்டை வாரம், டெஸ். டாக்டர் மத்தியானம் பன்னிரண்டுக்கே துப்பாக்கியை எடுத்துக்கிட்டுப் போயிடுவார். வாரம் முழுக்க அரைநாள்தான். போன வருஷம் மிஸ்டர் ஹெரிங்குக்குக் காய்ச்சல் வந்து நான் போய் நின்னேன். கதவுல கையால எழுதின அட்டை ஒண்ணு, அவ்வளவுதான். ஊர்ல எல்லாருக்கும் தெரியும்னு கம்ப்யூட்டர்ல ஏத்தவே மாட்டாங்க."

"ரொவீனா வந்து எட்டு மாசம்தான் ஆகுது," என்றான் அவன். "அவங்களுக்குத் தெரியாது."

"அட்டையைப் படிக்கத் தெரிஞ்ச எவனுக்கும் தெரியும்."

இப்போது அந்தச் சிவப்பு வட்டம் வேறு மாதிரித் தெரிந்தது. அவளை மிரட்ட மட்டும் அனுப்பிய காகிதம் இல்லை அது. வியாழக்கிழமையைக் கண்டு அவளைப் பயப்பட வைத்து, இன்றைய தேதியைக் கண்டு சந்தோஷப்பட வைக்கிற காகிதம். பூட்டிய மருத்துவமனை. பின்னால் ஆளில்லாத வண்டி நிறுத்துமிடம். நாலே காலுக்கு அவள் குழந்தையோடு தானாகவே வந்து நிற்பாள்.

மணி மூன்று முப்பத்தாறு.

டெஸ்மண்ட் அவள் நம்பரைக் கூப்பிட்டான். பிஸ்கெட் டப்பாவுக்குள் அது செத்துக் கிடந்தது. வீட்டுக்குப் போய்த் தடுக்கலாம் என்றால், வீடு எங்கே என்று அவர்களுக்கும் தெரியாது.

லெம்பி ஷெரிஃப் ஆபீஸைப் பிடித்தாள். எஸ்கனாபாவில் இருந்த டெபுடி போலீஸ்காரர்கள் காட்டில் வேட்டை அனுமதிச் சீட்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வர முப்பது நிமிடமாவது ஆகும். வடக்கே பக்கத்து ஊரான கிளாட்ஸ்டனில் ஒரு டெபுடி இருக்கிறார். அடுத்த போன் ஜோலீனுக்கு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"நேரத்தை மாத்தினேனா? நானா?" என்றாள் ஜோலீன். "பன்னிரண்டுக்கே பூட்டிட்டு வந்துட்டேன் லெம்பி, வீட்ல துணி மடிச்சுட்டிருக்கேன். ஏன், என்னாச்சு? ரொவீனா நல்லா இருக்காளா? லெம்பி, சொல்லு, அவ நல்லா இருக்காளா?"

அந்தக் குரலைக் கேட்டபோது, இவளையா சந்தேகப்பட்டோம் என்று டெஸ்மண்ட் நினைத்தான்.

"கிளாட்ஸ்டனில உங்க கிளை இருக்கே, பூட்டியிருக்கா?"

"அங்க லேடி டாக்டர். அவங்க வேட்டைக்குப் போறதில்ல. அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்."

"டாக்டர் சார்புல நீ எனக்கு ஒரு அனுமதி குடுக்கணும், ஜோலீன். நட்மெக்கோட பக்கத்துல டெஸ் ஒரு திருத்தம் பண்ணப் போறான்."

"என்ன வேணா பண்ணுங்க. அவளைக் காப்பாத்துங்க."

லெம்பி அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "அவனுக்குத் திறந்த கதவு நமக்கும் திறந்திருக்கு. கிளையை கிளாட்ஸ்டன்னு மாத்து. நேரம் நாலரை. காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல போடு: எஸ்கனாபா கிளை வேட்டை வாரத்துக்காக மூடியிருக்கு, தவறுக்கு வருந்துகிறோம்."

"அட்டையில இருக்கிறதையே எழுதச் சொல்றீங்க."

"அவன் கண்ணால பார்த்த உண்மை அது. நம்பிடுவான். அந்த கிளாட்ஸ்டன் டெபுடியை அங்க நிக்கச் சொல்லிடறேன்."

அவன் பச்சைப் பட்டனை நோக்கிப் போனான். லெம்பியின் கை அவன் தோளில் இறங்கியது.

"முதல்ல அவ நம்பரை எடு! ரெண்டு பேருக்கும் மெசேஜ் போனா, அவளும் குழந்தையோட நேரா கிளாட்ஸ்டனுக்குப் போய் நிப்பா."

இன்னொரு தவறு, அரை நொடியில் தப்பியது. ரொவீனாவின் நம்பரை அழித்தான். பட்டியலில் ட்ரென்டின் நம்பர் மட்டும் மிஞ்சியது.

சேமி.

மருத்துவமனைக்கு எதிரே ஒரு பெட்ரோல் பங்க். லெம்பி தன் பழைய காரை அங்கே ஐஸ் மூட்டைகள் அடுக்கிய பெட்டிக்குப் பின்னால் ஒதுக்கி நிறுத்தினாள். ஈரப் பனி கண்ணாடியில் விழுந்து வழிந்தது. மணி நான்கு அடிக்க ஒரு நிமிடம்.

மருத்துவமனையின் பக்கவாட்டில், குப்பைத் தொட்டிக்கு அருகே, ஒரு நீல டிரக் நின்றது. உள்ளே ஆரஞ்சு ஜாக்கெட்.

"மெசேஜ் போயிருக்குமா?" என்றான் டெஸ்மண்ட்.

"நீதானே கட்டினது?"

"அதனாலதான் கேக்கறேன்."

டிரக்கிலிருந்தவன் காபி குடித்துக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாமல், மனைவி கடையிலிருந்து வருவதற்காகக் காத்திருக்கும் கணவன் மாதிரி. டெஸ்மண்ட் மனதில் ஒரு கொடூர முகத்தை வரைந்து வைத்திருந்தான். இந்தச் சாதாரண முகம் அதைவிடப் பயமாக இருந்தது.

அப்போது தெற்கே, சிக்னலில், ஒரு பச்சைக் கார் வந்து நின்றது. பின் ஜன்னலில் ஒரு நாயின் மூக்கு. அதற்குப் பக்கத்தில் இரட்டைப் பின்னல்.

"பாஸ். சீக்கிரமா வந்துட்டாங்க."

"தெரியுது."

"நான் ஓடிப் போய் நிறுத்தட்டுமா?"

"நீ தெருவுல ஓடினா அவன் திரும்பிப் பார்ப்பான். உக்காரு. பச்சை விழுந்தா நான் வண்டியைக் குறுக்க விடறேன்." லெம்பியின் கை கியரில் இருந்தது, விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

டிரக்கில் ஆரஞ்சு ஜாக்கெட் குனிந்தது. போனை எடுத்தான். படித்தான். மறுபடி படித்தான். தலையைத் திருப்பி மருத்துவமனைக் கதவிலிருந்த அட்டையைப் பார்த்தான். ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினான்.

பிரேக் விளக்கு எரிந்தது. டிரக் வாசலுக்கு வந்து நின்றது. வடக்கே கிளாட்ஸ்டன். தெற்கே, நூறு அடியில், சிவப்பு விளக்கு முன்னால் அவளும் குழந்தையும்.

மேபல் அம்மாவிடம் எதையோ காட்டிக் கையை ஆட்டினாள். ஆட்டாதே கண்ணு, என்று டெஸ்மண்ட் உதட்டுக்குள் சொன்னான். ஆட்டாதே, ஆட்டாதே.

டிரக் வடக்கே திரும்பியது. அவளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், அவன் இடது பக்கம் பார்க்கவே இல்லை.

சிக்னல் பச்சையானது.

பச்சைக் காரை நிறுத்தி, ரொவீனாவை பெட்ரோல் பங்குக்குள் இருந்த சின்னக் காபிக் கடையில் உட்கார வைத்திருந்தார்கள். மேபல் காரில் நாயோடு இருந்தாள். பங்குக்காரர் ஒரு டோனட்டைக் கொடுத்துவிட்டு, கார் பக்கத்திலேயே நின்று பனி தள்ளுகிற சாக்கில் காவல் காத்தார்.

நாலே முக்காலுக்கு லெம்பியின் போன் அடித்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு வைத்தாள்.

"பிடிச்சுட்டாங்க. தானா வந்து டெபுடி வண்டிக்குப் பக்கத்துலயே நிறுத்தினானாம். எழுதக்கூடாதுங்கிற உத்தரவை மீறினதுக்கு அந்தக் காகிதமே போதும். ஐம்பத்தெட்டுங்கிற அவன் எண் அடியில இருக்கு."

"துப்பாக்கி இருந்துச்சா?" என்றாள் ரொவீனா.

லெம்பி போனைப் பைக்குள் போட்டாள். "இல்ல. பின் சீட்டுல குழந்தை உக்கார்ற சீட் ஒண்ணு இருந்துச்சாம். புதுசு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல."

ரொவீனா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"யார் சொன்னது? ஜோலீனா?"

லெம்பி டெஸ்மண்டைப் பார்த்தாள். அவனுக்காகப் பேச அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்கு அவன் பிறகு எத்தனையோ முறை நன்றி சொன்னான்.

"யாரும் சொல்லல," என்றான். "ஜோலீன் உங்களை விக்கல. நான்தான் ஒரு கதவைப் பூட்டாம விட்டேன். ஆறு வருஷமாத் திறந்து கிடந்திருக்கு. ரெண்டே வரி எழுதியிருக்கணும், எழுதல. நீங்க வந்தப்ப, எறும்புகூட நுழையாதுன்னு வேற சொன்னேன்."

அவள் அவனையே பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

"இப்ப பூட்டியாச்சா?"

"இப்ப பூட்டறேன். உங்க கண்ணு முன்னாடி."

டாக்டரைக் காட்டில் பிடிக்க முடியவில்லை. ஜோலீன் சாவியைப் போனில் சொன்னாள். அது ஆறு வருடத்துக்கு முன்பு டெஸ்மண்டே வைத்த அதே பாஸ்வேர்ட். 'நாளைக்கு இதையும் மாத்தணும்' என்று முனகிக்கொண்டே, கெட்சப் கறை படிந்த மேசையில் மடிக்கணினியை வைத்து எழுதினான். முதலில் ரொவீனாவின் நம்பரைத் திரும்பப் போட்டான். பிறகு அந்த இரண்டாவது கேள்வியை, திருத்துகிற கதவிலும் சேமிக்கிற பட்டனிலும் வைத்தான். வேறெங்கும் திறந்திருக்கிறதா என்று இரவு முழுக்க உட்கார்ந்து தேடுவதென்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டான்.

"இப்ப நீங்களே தட்டிப் பாருங்க," என்று லெம்பியின் பூனைக் கணக்கைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். "எழுபத்தேழு, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. கடைசியில எடிட்."

ரொவீனா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"திறங்க," என்றாள் லெம்பி மெதுவாக.

அவள் திரையைப் பார்த்தாள். ஒருமுறை மனதுக்குள் படித்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"அப்படி ஒரு விலங்கு இல்லை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காரின் ஜன்னலில் இரண்டு முன்னங்கால்களையும் தூக்கி வைத்து, மேபலின் டோனட்டில் பாதியை மூக்கில் அப்பிக்கொண்டு, நட்மெக் ஊரே கேட்கும்படி குரைத்தது.

ரொவீனா சிரிக்கத் தொடங்கினாள். அது பாதியில் அழுகையாக மாறியது. அழுதுகொண்டே பிஸ்கெட் டப்பாவைத் திறந்தாள்.

"ஜோலீனைக் கூப்பிடணும்," என்றாள். "அவகிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும். அவ ஏன்னுகூடக் கேக்க மாட்டா."